மறுபடியும் ஓடவேண்டிய சேறு

1

இது ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. "அன்புள்ள" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அன்புள்ள யாருக்கு? பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: எப்போதோ, எங்கேயோ இருந்த அந்த ஆள் ஒரு சின்னப் பொருளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதனால் எங்கள் மலையடிவாரத்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். இதை முடித்தால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் நீங்களும் நானும் எதற்கு?)

முகவரி இல்லாத கடிதத்தை எந்தத் தபால்காரரும் வாங்கமாட்டார். கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் கடிதத்தைக் கதையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றிய இடங்களில் தையல் தெரியும். தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

நான் இந்தோனேசியாவின் மேடானில் பிறந்தவன். அப்பா வைத்த மாசிலாமணி என்ற பெயர், இந்த ஜோக்ஜா நகரத்துக்கு வந்த இருபது சொச்சம் வருடங்களில் தேய்ந்து 'மாஸ் மணி' ஆகிவிட்டது. இங்கே அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லா ஆம்பிளைகளையும் மாஸ் என்று கூப்பிடுவார்கள், பெருமைப்பட ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தின் எரிமலை ஆய்வுக்கூடத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு.

இந்தக் கதையை எழுத எழுத, ஒவ்வொரு பகுதியையும் இபு வெனிங்குக்கு இந்தோனேசிய மொழியில் சொல்லிக்காட்டினேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர், இபு என்றால் அம்மா என்று மரியாதை. கதையின் நாயகியும் அவர்தான், அது அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அன்று மலையில் இடியும் மின்னலுமாக மழை கொட்டிக்கொண்டிருந்தது."

"மழையா?" என்றார் இபு வெனிங். "அன்னிக்கு எங்க மழை பெஞ்சது? வெயில் மண்டையப் பொளந்துச்சு. நீங்க ஐஸ் டீ வாங்கிட்டு வந்தீங்க, சர்க்கரையப் போட்டு. வேணாம்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்."

"கதைன்னா கொஞ்சம் மழை இருந்தா நல்லாருக்கும் இபு."

"பதினாறு வருஷமா ஒரு மழைக்குப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன் மாஸ் மணி. நீங்க அலங்காரத்துக்கு மழை பெய்ய வைக்காதீங்க."

அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

"கியாய் சபார் காலமானபோது அவருக்கு வயது பதினாறு."

இதற்குச் சிரித்தார். அப்படியென்றால் இங்கிருந்தே தொடங்குவோம்.

2

கியாய் சபார் ஒரு கணினி.

பரம்பரையாக வரும் கிரிஸ் கத்தி, அரண்மனைத் தேர், பழைய பீரங்கி, இதற்கெல்லாம் இங்கே 'கியாய்' என்று மரியாதைப் பெயர் வைப்பார்கள். இங்கத்துப் புத்தாண்டு மாதமான சுரோ பிறந்ததும் வெளியே எடுத்துப் பூத்தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி உறைக்குள் வைப்பார்கள். எங்கள் கணினிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. விளையாட்டாக வைத்ததுதான். சபார் என்றால் பொறுமை. அது கணக்குப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத்தான் அது வேண்டும்.

விளையாட்டு மெல்ல மெல்ல வினையாகிவிட்டது. ஒவ்வொரு சுரோ மாதமும் கியாய் சபாரின் மூடியைக் கழற்றுவோம். சின்ன தூரிகையால் தூசி தட்டுவோம். பக்கத்தில் ஒரு தட்டு மல்லிகை வைப்போம். (தண்ணீர் தெளிக்கவில்லை. அந்த அளவுக்கு முற்றவில்லை.) பிறகு வாரிங் ஆற்றுக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டுவோம். போன வருடத்து விடையே வரும். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் தும்பெங்கை அப்போதுதான் வெட்டுவோம். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, கோழியையும் அவித்த முட்டையையும் ஒரு கை பார்ப்போம்.

வருடத்தின் மிச்ச நாட்களில் அவரை யாரும் தொடமாட்டார்கள். புதுப் பதிப்பு எதையும் ஏற்றமாட்டோம். வலைப்பின்னலில் சேர்க்கமாட்டோம். தேய்ந்துபோன விசைப்பலகையைக்கூட மாற்றவில்லை. "அவருக்குப் பிடிக்காது" என்போம். முனைவர் பட்டம் வாங்கியவர்கள்தான் இப்படிச் சொன்னோம்.

அதே கணினி இருந்தால் அதே விடை வரும், ஆகவே எங்கள் ஆய்வு பத்திரமாக இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. கணினியைக் கும்பிட்டே ஓர் ஆய்வை ஆபத்தில் தள்ளியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். இபு வெனிங் எழுதிய நிரலுக்கு நாலு இடத்தில் நகல் இருந்தது. அந்த நிரல் எதன் தோளிலெல்லாம் சாய்ந்துகொண்டு நின்றதோ அதெல்லாம் கியாய் சபாரின் வயிற்றுக்குள் மட்டுமே இருந்தது.

ஒரு நாள் காலை பொத்தானை அமுக்கினேன். ஒரு முனகல். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

3

எங்கள் ஊரில் மலை என்றால் ஒன்றுதான். அது சாம்பலைத் துப்பிவிட்டு ஓய்ந்த பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பிக்கும். மேலே குவிந்த சாம்பல்மேல் பெருமழை பெய்தால் பாறையும் மரமும் சேறும் ஒன்றாகத் திரண்டு ஆற்றுவழியே இறங்கும். இதற்கு லஹார் என்று பெயர். நான் இனிமேல் சேறு என்றே சொல்கிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன் இபு வெனிங் போட்ட கணக்கு இதுதான்: மலை உச்சியில் இத்தனை மழை பெய்தால், சேறு வாரிங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும், தாண்டியதும் வளைவில் கரை உடைத்து வோனோசிதி என்ற சிற்றூருக்குள் புகும். அவரே ஊருக்குப் போய் அதைச் சொன்னார். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தன. பழைய ஊரில் வீடு கட்டத் தடை வந்தது. சலாக் பழத் தோப்புகளைப் பார்க்கப் பகலில் இறங்கிப் போய்வரலாம், படுக்க முடியாது.

அதற்குப் பிறகு அப்படியொரு மழை பெய்யவே இல்லை. வாரிங் ஆறு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மேட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் இபு வெனிங்குக்குப் பத்திரிகை வரும். அவர் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். ஊர்த்தலைவர் பாக் வாகிமின் (பாக் என்றால் ஐயா) பந்தல் வாசலிலேயே நின்று வரவேற்பார்: "வாங்க இபு, வாங்க! வராத சேத்துக்குப் பயந்து வீட்ட விட்டவங்க வீட்டுக்கு வாங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். இபுவும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவார். திரும்பி வரும்போது வண்டியில் வாரிங் ஆற்றையே பார்த்துக்கொண்டு வருவார்.

(இந்த வாகிமினை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு ஒரு முரடன் இருந்தால் வேகம் கூடும். மீசை வைத்தேன். ஒட்டவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்து விற்கிற மனிதர், எழுத்துப் பிழை வந்தால் காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுப்பவர், அவரை எப்படி வில்லனாக்குவது? மீசையை எடுத்துவிட்டேன்.)

4

கியாய் சபார் போன அதே சமயத்தில் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. தடையை நீட்டிப்பதா எடுப்பதா என்று பேச்சு. வாகிமின் எழுந்தார்.

"பழைய தாளக் காட்டாதீங்க இபு. தாள்ல நானும் என்ன வேணா அடிச்சுத் தருவேன், என் தொழிலே அதான். எங்க கண்ணு முன்னாடி மறுபடி ஓட்டிக் காட்டுங்க. சேறு வந்தா மேலயே கெடக்கோம், வாயத் தொறக்கமாட்டோம். வரலன்னா இறங்கிருவோம். பிள்ளைங்க கல்யாணமாகி வீடு பத்தல. கீழ மண்ணு சும்மா கெடக்கு."

நியாயமான பேச்சு. சுரோ மாத விருந்தன்று ஓட்டிக் காட்டுவது என்று முடிவானது. கியாய் செத்துப்போன சேதியை அந்தக் கூட்டத்திலேயே இபு வெனிங் சொல்லிவிட்டார். "ஐயய்யோ, அப்ப அடக்கம் பண்ணியாச்சா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. நிரல்தான் இருக்கிறதே. புதுக் கணினியில் ஏற்றி ஓட்டினேன்.

சேறு பாலத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"மறுபடி ஓட்டுங்க" என்றார் இபு வெனிங். ஓட்டினேன். பாலத்துக்கு மேலேயே நின்றது.

(வெயில் மண்டையைப் பிளந்த நாள் இதுதான். சர்க்கரை போட்ட ஐஸ் டீயும் இதே நாள்தான். அதைத் தொடவே இல்லை அவர்.)

"அப்ப ஒரு பொட்டி தப்பாக் கணக்குப் போட்டுச்சுன்னு, அத்தனை பேரையும் நான் வீட்ட விட்டுக் கெளப்பிட்டேனா?"

"புது மெஷின் தப்பா இருக்கலாம் இபு."

"இருக்கலாம். பழசு தப்பா இருக்கலாம். ரெண்டுமே தப்பா இருக்கலாம். எதுன்னு தெரியாம அந்த மனுசங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"போன வருஷம் ஓட்டினப்ப எடுத்த படம் இருக்கு. அதையே போட்டுக் காட்டிடலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. "அது சினிமா மாஸ் மணி" என்றார். "அவங்க கேட்டது கணக்கு."

5

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். ஒரு நிரல் எப்படி இன்னொருவர் எழுதிய கணக்குத் தொகுப்புகள்மேல் நிற்கிறது, அவை எப்படி வேறு தொகுப்புகள்மேல் நிற்கின்றன என்று நான்கு பக்கம் விளக்கியிருந்தேன். வாசிக்கக் கொடுத்த நண்பர் மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட்டார். சுருக்கம் இது: ரசம் வைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த ஈயச்சொம்பு, அந்த அடுப்பு, அந்தப் புளி? முப்பது வருடம் கழித்து ஒருவர் அதே ரசம் வைக்க வேண்டுமானால் சொம்பு வார்க்கும் முறையும் வேண்டும்.)

6

எங்களுக்கு வேண்டிய சொம்பு ஒரு சின்னக் கணக்குத் தொகுப்பு. ஓடும் நீரின் ஆழத்தையும் வேகத்தையும் அடிக்கு அடி கணக்கிடுவது. நிரல் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தியது என்பது தெரியும், இபு வெனிங்கின் கட்டுரையிலேயே இருக்கிறது. புதுக் கணினியில் இருப்பதோ அதற்குப் பல வருடம் பிந்திய பதிப்பு. பழையதை எடுத்துப் போட்டால் தீர்ந்தது என்று அதன் பழைய தளத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறியாகப் பிடித்துக்கொண்டு கண்ணடித்தாள். முகவரியைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிவிட்டார்கள்.

எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன். திரும்பி வந்தது. அவர் வேலை பார்த்த துறைக்குப் போட்டேன். அந்தத் துறையையே மூடிவிட்டார்களாம். தெரிந்த ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் எழுதினேன். "எங்களிடமும் இருந்தது, பழைய கணினிகளைக் கழித்தபோது போய்விட்டது" என்று அன்பாகப் பதில் போட்டார்கள். அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் ஒரு பொதுக் காப்பகத்தில் தேடினேன். உலகத்தில் மனிதர்கள் எழுதிய நிரல்களையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், அழியவிடாமல் சேர்த்து வைக்கிற இடம் அது. நம்பிக்கையே இல்லாமல் பெயரையும் பதிப்பு எண்ணையும் தட்டினேன்.

இருந்தது.

அதே பதிப்பு. ஒரு எழுத்துக் குறையாமல். எங்கள் நிரல் எழுதப்படுவதற்கு முந்தின வருடம் யாரோ அதை எடுத்து அங்கே சேர்த்திருக்கிறார். பெயர் போடவில்லை. காரணம் சொல்லவில்லை. எங்களைத் தெரியாது. வாரிங் ஆற்றைத் தெரியாது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன், திரையைப் பார்த்து. கியாய் சபாரைக் கும்பிடுகிறவர்களைக் கிண்டல் பண்ணிய அதே நான்தான்.

7

அந்த ஆளை எழுதிப் பார்த்தேன். அவர் இல்லாமல் நன்றி எப்படிச் சொல்வது?

ஒன்று: பனி பெய்யும் ஊரில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு நூலகர். எதையும் எறிய மனம் வராதவர். அவர் வீட்டு அலமாரியில்

(நிறுத்திவிட்டேன். பனியை நான் பார்த்ததே இல்லை.)

இரண்டு: மணிலாவில் ஒரு கல்லூரி மாணவி. பேராசிரியர் சேர்த்து வைக்கச் சொன்னார், திட்டிக்கொண்டே சேர்த்தாள், மறந்துபோனாள். இது கொஞ்சம் பிடித்தது. ஆனால் அவளுக்குப் பெயர் வைத்ததும் அவள் என்னுடையவளாகிவிட்டாள், நான் நன்றி சொல்லவேண்டிய ஆள் இல்லாமல் போனாள். நானே செய்த பொம்மைக்கு நானே நன்றி சொல்வது அசடு வழியும் வேலை.

மூன்று: ஆளே இல்லை. தானாக அலைந்து தானாகச் சேர்க்கும் ஒரு இயந்திரம்.

இதை வாசித்துக் காட்டியபோது இபு வெனிங் கையை நீட்டித் தடுத்தார். "அந்த மெஷின ஓடவிட்டது ஆளு. அதுக்குக் கரண்டு பில் கட்டறது ஆளு. அது நின்னா தட்டி எழுப்பறது ஆளு. ஆளு இல்லாம எதுவும் நெலைக்காது. நீங்க பேரு வைக்காம வுடுங்க, போதும்."

அப்படியே விட்டிருக்கிறேன். கதையின் நடுவில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8

மூலத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டினேன். தொகுப்பை, அதைக் கட்டும் கருவியை, அந்தக் கருவியைக் கட்டும் கருவியை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் கட்டவேண்டும் என்பதையும் ஒரு நிரலாகவே எழுதினேன், அடுத்த முறை மனிதக் கை படாமல் தானே கட்டிக்கொள்ளட்டும் என்று. வாரக்கணக்காக வீட்டில் திட்டு வாங்கினேன். பிறகு ஓட்டினோம்.

சேறு பாலத்தைத் தாண்டியது. வளைவில் கரை உடைந்தது. வோனோசிதிக்குள் புகுந்தது. எண்களைப் பதினாறு வருடத்துக்கு முந்தைய எண்களோடு ஒப்பிட்டேன். கடைசி இலக்கம்வரை அதேதான்.

(இபு வெனிங் அழுதார் என்று எழுதினேன். "நான் அழல" என்றார். நடந்ததைச் சொல்கிறேன்: எழுந்து போய் எங்கள் எல்லாருடைய டீ தம்ளர்களையும் கழுவிவைத்துவிட்டு வந்தார்.)

வந்து உட்கார்ந்து சொன்னார்: "அதே விடை வந்துருச்சு. அது சரியான விடையான்னு இனிமேதான் கேக்கணும்."

"இன்னுமா?"

"பின்ன? தப்பான கணக்கும் திரும்பத் திரும்பத் தப்பா வரும் மாஸ் மணி. இப்ப ரெண்டும் கையில இருக்கு, பழசும் புதுசும். எங்க பிரியுதுன்னு பாருங்க."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டாக மாற்றிப் பார்த்தோம். பிரியும் இடம் கிடைத்தது. உள்ளங்கை அகலத்துக்கும் குறைந்த ஆழத்தில் ஓடுவதைப் புதுப் பதிப்பு உலர்ந்த தரை என்று எடுத்துக்கொள்கிறது. ஆற்றுத் தண்ணீருக்கு அது சரிதான், கணக்கும் வேகமாகும். செய்தவர்கள் ஒளிக்கவும் இல்லை, வெளிப்படையாக அறிவித்துத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சேறு வேறு சாதி. அதன் முன்விளிம்பு மெல்லிசாக வழுக்கிக்கொண்டு முதலில் வரும், பாறையெல்லாம் அதன்மேல் ஏறிப் பின்னால் வரும். மெல்லிய விளிம்பை உலர்ந்தது என்று துடைத்துவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். அந்த ஒரு அளவை மட்டும் பழையபடி வைத்துப் புதுப் பதிப்பை ஓட்டினோம். அதிலும் சேறு பாலத்தைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது.

"போன மழைக்காலத்துல பக்கத்து ஆத்துல சின்னதா இறங்குச்சே, அந்தப் படத்தப் போடுங்க" என்றார். போட்டேன். முன்விளிம்பு உள்ளங்கை அகலம்கூட இல்லை, பின்னால் பாறை உருண்டு வந்தது. இபு வெனிங் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கடவுளே, நன்றி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுக்கும்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் யாருக்கும் பங்கு போடமாட்டேன்.

அந்தப் பழைய பதிப்பு கிடைக்காமல் போயிருந்தால் எது எங்கே பிரிந்தது என்பதே தெரிந்திருக்காது. புதுக் கணினி சொன்னதை நம்பி ஊர் கீழே இறங்கியிருக்கும்.

9

சுரோ மாத விருந்து இந்த முறை ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை, மேட்டு வோனோசிதியின் பொதுக்கூடத்தில் நடந்தது. தும்பெங் தயார். சுற்றிலும் ஊர். நான் ஆய்வுக்கூடத்து லேப்டாப்பைத் திறந்தேன்.

"அத மூடுங்க" என்றார் வாகிமின். "உங்க மெஷின் உங்க பேச்சத்தான் கேக்கும். என் மெஷின்ல ஓட்டுங்க."

அவருடைய மெஷின் பத்திரிகை அச்சடிக்கும் கணினி. பக்கவாட்டில் மணமக்கள் படமாக ஒட்டியிருந்தது. அதில் எங்கள் கணக்குக்கு வேண்டிய எதுவும் இல்லை. அதுதான் நல்லது என்று இபு வெனிங் தலையசைத்தார். கொண்டுபோன நிரலை ஏற்றிவிட்டேன். கருவியைக் கட்டும் கருவியிலிருந்து அது ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கியது.

வாகிமின் மனைவி ருசினி சோற்றுக்கு விசிறிக்கொண்டே சொன்னார்: "ஏங்க, ஒரு பத்திரிகை அடிக்கவே உங்க மெஷினுக்கு மூச்சு வாங்கும். இப்ப அது மலையையே எறக்கப் போகுதாக்கும்!"

"சும்மா இருடி, அதுக்குக் கேட்டுரப் போகுது."

"சோறு ஆறுது. சேறு எப்பதான் வரும்?"

வந்தது. திரையில் பழுப்பாக, மலை உச்சியிலிருந்து. ஆற்றோடு வளைந்து, பாலத்துக்கு வந்து, ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. என் கண்ணை நான் மூடிவிட்டேன். கூட்டத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் திறந்தேன். தாண்டிவிட்டது.

வாகிமின் எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தார். "இது தொழுகைக் கொட்டாய். இது கெணறு. இது சுமார்ஜி வீட்டுத் தோப்பு. இது..." விரல் நின்றது. "இது எங்க அடுப்பங்கரை."

ருசினி விசிறியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அந்த அடுப்பங்கரைய இடிச்சுப் பெருசாக்கித் தரேன்னு சொன்னீங்க" என்றார் ருசினி. "சேறாவது செஞ்சிருக்கும்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. இபு வெனிங் சிரிக்கவில்லை. பழைய விடையையும் இப்போது வந்த விடையையும் வாகிமின் கையில் கொடுத்து, எண்ணுக்கு எண் சரிபார்க்கச் சொன்னார். அச்சுப் பிழை பார்த்துப் பழகிய கண். வரிவரியாகப் பார்த்தார். "ஒரு எழுத்து மாறல" என்றார்.

தும்பெங்கின் உச்சியை மரியாதைக்குரியவருக்கு வெட்டிக் கொடுப்பது வழக்கம். ஊர்த்தலைவருக்குத்தான் கொடுப்பார்கள். வாகிமின் கத்தியை வாங்கி, தானே வெட்டி, இலையில் வைத்து இபு வெனிங் முன்னால் வந்து நின்றார்.

"இத்தனை வருஷமா உங்களக் கிண்டல் பண்ணிட்டேன் இபு."

"பண்ணுங்க பாக் வாகிமின். இன்னும் பண்ணுங்க. கிண்டல் பண்றதுக்கு நீங்க உசுரோட இருக்கீங்க, எனக்கு அது போதும்."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நாங்களும்.

சாப்பிடும்போது வாகிமின் என்னிடம் கேட்டார்: "கிரிஸை வருஷா வருஷம் எதுக்குக் கழுவறோம்னு நெனைக்கிறீங்க மாஸ்? உறையிலேர்ந்து எடுத்துத் துரு புடிச்சிருக்கான்னு பாக்கத்தான். நீங்க உறையவே கழுவிட்டு இருந்திருக்கீங்க." ஒத்துக்கொண்டேன். அதனால் புது ஏற்பாடு: வருடா வருடம் சுரோ மாதத்தில் அந்தக் கணக்கை இதுவரை ஓட்டாத ஒரு கணினியில், இதுவரை ஓட்டாத ஒருவர் ஓட்டவேண்டும். அடுத்த வருடம் ருசினி. இப்போதே மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஆளுக்கொரு மூங்கில் பெட்டியில் சோறு கட்டிக் கொடுத்தார்கள். விருந்துக்கு வரமுடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவது. எனக்கு ருசினி இரண்டு கொடுத்தார்.

"வீட்ல நாங்க ரெண்டு பேருதான், ஒண்ணு போதும்" என்றேன்.

"இது உங்களுக்கில்ல. அந்தப் பழசத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்களே, அவங்களுக்கு. குடுத்துருங்க."

"யாருன்னு தெரியாதே இபு."

"எங்கள யாருன்னு தெரிஞ்சா வச்சிருந்தாங்க?"

10

இனி முடிவு. இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: அடுத்த மழைக்காலத்தில் அந்த மழை பெய்கிறது. சேறு இறங்கிப் பழைய ஊரை மூடுகிறது. மேட்டில் நின்று எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணக்கு பலித்தது. வாசகர்களுக்குத் திருப்தி.

இரண்டாவது: அந்த மழை பெய்யவே இல்லை. இன்னும் முப்பது வருடம் வாகிமினின் பேரப்பிள்ளைகள் யாருடைய கல்யாணத்திலோ, "வராத சேத்துக்குப் பயந்தவங்க" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

இபு வெனிங்கிடம் கேட்டேன், எதை வைக்கட்டும் என்று. "ரெண்டாவது" என்றார், நான் கேட்டு முடிப்பதற்குள். "ஆனா எழுதாதீங்க. எழுதினா முடிஞ்சிரும். அது முடியவே கூடாது." அதனால் எழுதவில்லை. இந்தக் கதைக்கு முடிவு வராமல் இருக்கவேண்டும் என்று முப்பத்தெட்டுக் குடும்பங்கள் வேண்டிக்கொண்டிருக்கின்றன. நானும்தான்.

ஆனால் பெட்டி ஒன்று மிச்சமிருக்கிறது. மஞ்சள் சோறு, கோழித் துண்டு, அவித்த முட்டை பாதி, காரமான உருளைக்கிழங்கு. என் மோட்டார்சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. வழியில் பசித்தது, தொடவில்லை. வாசலில் காவலாளி கேட்டார், கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டு, "அன்புள்ள" என்று எழுதி நிறுத்தியது அப்போதுதான்.

உங்களிடமும் ஏதாவது இருக்கும். யாருக்குப் பயன்படும் என்று தெரியாமலே, எறிய மனம் வராமல் எங்கேயோ வைத்திருப்பீர்கள். அதை எறிந்துவிடாதீர்கள். யார் கண்டது, அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால் ருசினி கொடுத்துவிடச் சொன்னார்.

இந்தாருங்கள். இன்னும் சூடு ஆறவில்லை.